சாக்கடையை மூடாதீர்கள், ஆராய்ச்சி நடக்கிறது

தண்ணீரைக் குடிக்கிறவன் ஒரு ரகம். கேனில் அடைத்து விற்கிறவன் ஒரு ரகம். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு: தண்ணீரைப் படிக்கிறவர். நான் எட்டாவதோடு நின்றவன், மேனாம்பேட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். ஆனால் முனைவர் திருமுருகன் என்கிற இந்த ரகத்தை இருபது வருஷமாக ஏற்றி இறக்குகிறேன். சொல்ல எனக்கு யோக்கியதை உண்டு.

அடையாளம் சுலபம். மாசம் ஒரு நாள் காலையில் மடியில் தெர்மாகோல் பெட்டியோடு ஏறுவார். பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்குள் பாட்டில், பாட்டிலுக்கு மூடி, மூடிக்கு மேல் வெள்ளிக் காகிதம், அதற்கும் மேல் அவர் கை. ஸ்பீட் பிரேக்கர் என் கண்ணில் படுவதற்கு முன்பே "மெதுவா டில்லிபாபு, மெதுவா" என்பார். பிள்ளைத்தாச்சியை ஏற்றினபோதுகூட என் வண்டி அவ்வளவு மெதுவாகப் போனதில்லை. வானகரத்தில் ஏறின ஒரு அம்மா பெட்டியைப் பார்த்து, "சங்கரா இன்னா வெல சார்?" என்று கேட்டது.

"இது மீன் இல்லம்மா, பாக்டீரியா."

"அது எங்கூட்ல துன்ன மாட்டாங்கோ" என்று அந்தம்மா திரும்பிக்கொண்டது.

அவரிடம் கிருமி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொந்தக்காரனைத் திட்டின மாதிரி முகம் சுருங்கும். "நுண்ணுயிர்னு சொல்லுங்க. நூத்துல தொண்ணூத்தொம்பது நமக்குக் கெடுதலே பண்ணாது" என்பார். சரி, மிச்சம் ஒன்று? "அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்." தண்ணீர் நல்லதா கெட்டதா? அதை மட்டும் இந்த ரகம் சொல்லாது. மழை பெய்தால் "மழை விடட்டும்." பெய்யாவிட்டால் "மழை வரட்டும்." எங்கள் தெருவில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பாரா? மாட்டார். வீட்டிலிருந்தே காய்ச்சி ஒரு பாட்டிலில் கொண்டு வருவார். கேட்ட கேள்விக்குப் பதில் அந்த பாட்டிலில்தான் இருக்கிறது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் தாங்கல் என்று ஒரு சின்ன ஏரி. அடுக்குமாடிகள் வந்ததிலிருந்து அதில் ஒரு சாக்கடைக் குழாய் விழுகிறது. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற அந்த இடத்தில், அவர் பேண்ட்டை மடித்துவிட்டு மண்டி போட்டு உட்கார்ந்து, பாட்டிலை முக்கி எடுத்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "ஆகா, என்ன வளம்!" என்பார். அந்தக் குழாய் வாயில் பிடித்த தண்ணீரில்தான் பதினெட்டு கட்டுரையும் ஒரு பதவி உயர்வும் அவருக்குக் கிடைத்தன. எங்கள் சாக்கடை தாங்கலைத் தாண்டினதில்லை. அவரை ஜெர்மனிக்கு அனுப்பியது.

தாங்கல் கரையில் எல்லம்மா வீடு. குழாய்க்கும் அவள் கிணற்றுக்கும் பத்தடிதான். அதில் குளிக்கிற அவள் பெண்ணுக்கு ஒரு வருஷமாக உடம்பெல்லாம் சிரங்கு. குழாயை மூடச் சொல்லி மனு எழுதிக்கொண்டு கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போனாள். தண்ணீர் கெட்டுவிட்டது என்று படித்தவர் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்றார்கள். சனிக்கிழமை முனைவர் பாட்டிலும் கையுமாக நிற்கும்போது மனுவை நீட்டினாள்.

கையுறையைக் கழற்றாமல் இரண்டு தடவை படித்தார்.

"மூடிட்டா எல்லாம் மாறிடும்மா. இருபது வருஷத்து ஆராய்ச்சி பாதியில அறுந்துடும். இன்னும் ரெண்டு மழைக்காலம் பொறுத்துக்கோங்களேன்."

"ரெண்டு மழையா? எம் பொண்ணு ராவெல்லாம் சொறிஞ்சிகினு கீது சார்."

"சிரங்குக்கு இதுதான் காரணம்னு உறுதியா..."

"போட்டுக் குடு சார்" என்று நான் நடுவில் புகுந்தேன்.

"டில்லிபாபு, உனக்கு அறிவியல் புரியாது."

"புரியாது சார். சொறி புரியுது."

எல்லம்மா என்னைக் கையமர்த்தினாள். குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள்: "செரி சார், ஒரு பேச்சுக்கு மூட்டாங்கன்னு வெச்சிக்கோ. தண்ணிக்குள்ள கீற இதுங்கல்லாம் இன்னா ஆவும்? செத்துடுமா? இல்ல, வேற வந்து குந்திக்குமா? எத்தினி நாள்ல?"

குழாயைப் பார்த்தார்.

"மூடுறதுக்கு முன்னே, மூடினதுக்குப் பின்னே..." என்று முணுமுணுத்தார். "முன்னே இருபது வருஷத்துக்கு என்கிட்ட இருக்கு. இவ்வளவு யார்கிட்டயும் இருக்காதே!"

"பின்னே வேணும்னா கொழாய மூடணுமே சார்" என்றாள் எல்லம்மா.

பேனாவை அவரே கேட்டு வாங்கினார். இருபது வருஷம் சொல்லாததை எட்டே வரியில் எழுதினார்: இந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது, குளிக்க ஆகாது, கால்கூட கழுவக் கூடாது. ஒன்பதாவது வரி: குழாயை அடைக்கும் நாளை மூன்று நாள் முன்னதாகத் தமக்குத் தெரிவிக்க வேண்டும், அடைப்பதற்கு முன் ஒரு பாட்டில் பிடித்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும்.

அடைத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்குச் சிரங்கு ஆறிக்கொண்டு வருகிறது. அவர் இப்போது மாசம் நாலு தடவை வருகிறார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பத்துப் பதினைந்து வருஷமாகப் போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லி வளர்த்த தொல்லை ஒன்று உங்களிடமும் இருக்குமே? மேல்வீட்டு ஒழுகலோ, மூட்டுவலியோ, தம்பிக்காரனோடு சண்டையோ? நாளைக் காலையில் ஒருவன் வந்து, "இதோ, இன்னைக்கே தீர்த்துடலாம், வாங்க" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவீர்களா? இல்லை, "அவசரப்படாதப்பா, உனக்கு முழு விஷயம் தெரியாது" என்று அவனை உட்காரவைத்து, முதலிலிருந்து ஆரம்பிப்பீர்களா?