வீட்டுச் சாப்பாடு, பதினாலு நாள்

"வீட்ல சாப்பிட்டதுக்கு எதுக்கு சார் பில்லு?" என்று கணக்கு மேடம் கேட்டதும் பதினாலு நாள் வெளியூர் வேலை முடித்து வந்த லிஃப்ட் மெக்கானிக் திருதிருவென்று விழித்தார்.

"வீட்ல இல்ல மேடம், மெஸ்ல. தங்குனதும் அங்க மாடியிலதான். மெஸ்ஸோட பேரே 'வீட்டுச் சாப்பாடு'தான். போர்டுலயே எழுதியிருக்கு."

மேடம் பில்லைக் கையால்கூடத் தொடவில்லை. பேனா முனையால் தள்ளிவிட்டார். வரி விதியெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வேலை விஷயமாக வெளியூர் போய், ராத்தங்கி, கடையில் சாப்பிட்டால்தான் கம்பெனி அதைச் செலவாகக் காட்டி வரியில் கழிக்கலாம். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் அது ஆபீஸ் பயணமே இல்லையாம். பதினாலு நாளும் லீவில் போய்விடுமாம்.

அந்த லீவை மட்டும் மெக்கானிக் விட்டுக்கொடுக்க முடியாது. அடுத்த மாதம் மனைவிக்குப் பிரசவம். கூட இருக்க அவரை விட்டால் ஆளில்லை. காய்ச்சலோடு வேலைக்கு வந்து வந்து சேர்த்த லீவு அது.

உடனே மெஸ்காரம்மாவிடம் ஒரு கடிதம் கேட்டார். பாவம், அந்த அம்மாவும் நல்ல மனசோடுதான் எழுதி அனுப்பினார்: "தம்பி எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. சொந்த வீடாக நினைத்துத் தங்கியிருந்தார்."

"பாத்தீங்களா? சொந்த வீடு!" என்றார் மேடம்.

சரி, போர்டையே காட்டிவிடலாம் என்று செல்போனில் இருந்த போட்டோவை நீட்டினார். போர்டு இருந்தது. பக்கத்துக் கொடியில் அவர் சட்டையும் இருந்தது.

"இது உங்க யூனிஃபார்ம்தானே? லாட்ஜுல யார் சட்டையைத் துவைச்சுப் போடுவா?"

"அத்தைதான் மேடம், கேக்காமலே..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். சனியன் பிடித்த நாக்கு, நேரம் பார்த்துத்தானே சறுக்கும்!

"அத்தையா!"

"ஐயோ, சொந்தமெல்லாம் இல்ல மேடம்! அங்க சாப்பிடுற அத்தனை பேரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"மாடியில இருக்கறதே ரெண்டு ரூம். தெருவைப் பாத்த ரூம் வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான். நீங்க எதுல தங்குனீங்க?"

"தெருவைப் பாத்த... ரூம்ல."

போட்டோவில் மாடியே தெரியவில்லையே, இவருக்கு எப்படித் தெரியும்? மெக்கானிக் போட்டோவை இன்னொரு தரம் பார்த்தார். கணக்குப் பிரிவுக்குத் தெரியாதது உண்டா என்று அதை விட்டுவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் தான் எந்த வீட்டுப் பிள்ளை என்பதே அவருக்கு மறந்துவிடும் போலிருந்தது.

கடைசியில் மெஸ்ஸுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி மேஜைமேல் வைத்தார்.

"அத்தை... இல்லம்மா, எங்க கணக்கு மேடம் கேக்கறாங்க. நான் உங்களுக்குச் சொந்தமில்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

மேடம் தொண்டையைச் செருமினார். குரல் ஏனோ இறங்கிப் போயிருந்தது.

"அந்த ரூம்ல இவரை எதுக்குத் தங்க வெச்சீங்க?"

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"நீயும் எம் பையனும் கோவிச்சுக்கிட்டுப் போனதிலேருந்து நாலு வருஷமா பூட்டியே கிடந்துச்சும்மா," என்றது போன். "கையெழுத்தைப் போட்டுக் குடு மருமகளே, அந்தத் தம்பிக்கு இது கடைதான், வீடு உனக்குத்தான்."