துவரம்பருப்பும் அணு உலையும்

படித்த படிப்பைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கும் ஆசை வராதவர்கள் பாக்கியசாலிகள். எனக்கு அது வந்தது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று.

அப்போதுதான் ஓர் அணுமின் நிலையத்தில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்திருந்தேன். (எங்கள் ஊரான சிக்கலில் எல்லாரிடமும் 'கரண்டு ஆபீஸ்' என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார் என்னைப் பெற்ற அய்யா.) உப்பூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்து முடித்ததும், மாப்பிள்ளையின் அப்பா செருமினார்.

"ஏந்தாயி, அந்த உலை வெடிச்சிறாதா?"

அய்யா தரையைப் பார்த்தார். என் பதிலில்தான் கல்யாணம் தொங்குகிறது என்று எனக்கே தெரிந்தது.

"யுரேனிய அணுவ நியூட்ரான் பிளக்கும், மாமா. சூடு வரும், கூடவே புது நியூட்ரானும் வரும். அது அடுத்த அணுவப் பிளக்கும். அந்தச் சூட்டுல உண்டாகுற நீராவி டர்பைனச் சுத்தும். கரண்டு வரும்."

"நிப்பாட்டணும்னா?"

"நியூட்ரான உறிஞ்சுற கம்பிய உள்ள இறக்குவோம். பிளக்குறது நின்னுரும். ஆனா சூடு இருக்கும். தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும்."

"நின்ன பெறகு என்ன சூடு?"

அவர் முகத்தில் சந்தேகம் ஏறியது. அடுக்களையில் குக்கர் விசிலடித்தது. நான் எழுந்தேன். எல்லாரும் பின்னால் வந்தார்கள்.

அடுப்பை அணைத்தேன். "பாருங்க, நிப்பாட்டியாச்சு. உள்ள இன்னும்..."

"தொடாதடி" என்றாள் அம்மா. அதற்குள் கரண்டியால் வெயிட்டை நெம்பிவிட்டேன்.

(உலையில் மிச்சச் சூடு பிளந்த துண்டுகளிலிருந்து வருவது, குக்கரில் இருப்பது அடைபட்ட ஆவி. அந்த வித்தியாசத்தை விளக்கும் கட்டம் வரவேயில்லை.)

மஞ்சள் தூணாகப் பருப்பு விட்டம்வரை போய், வருங்கால மாமனார் மேல் இறங்கியது. அம்மா ஒரு குடம் தண்ணீரை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தாள். அவர் கண்களை மூடியபடி நின்றார்.

"கண்ணுல பட்ருச்சா?" என்றார் அய்யா.

முதலில் ஒரு கண் திறந்தது. பிறகு மற்றது.

"அங்கனயும் மூடிய நீதான் திறப்பியா?"

"இல்ல மாமா. நானே நெனச்சாலும் முடியாது. கோளாறுன்னா கம்பி தானாவே இறங்கிரும். உலை கனத்த எஃகுக்குள்ள இருக்கும். அதச் சுத்திக் கெட்டியான கான்கிரீட்டு."

மீசையிலிருந்த பருப்பை வழித்துக்கொண்டே யோசித்தார்.

"அப்பச் சரி. உலையில பயமில்ல" என்றவர், மகன் பக்கம் திரும்பினார். "ஏலே, சமையல் நீ படிச்சுக்க."

மாப்பிள்ளையும் படித்துக்கொண்டார். இன்றும் எங்கள் வீட்டில் விசில் கேட்டால், "மருமக எங்கன நிக்கிறா?" என்று விசாரித்த பிறகுதான் மாமா நாற்காலியில் உட்காருவார்.