இயந்திரத்தின் தலையில் ஒரு கல்

கம்பெனி வாசலில் காலையிலேயே தள்ளுமுள்ளு. வந்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள். கையில் மடிக்கணினி, கண்ணில் பக்தி. கூடத்தின் நடுவே, பட்டுத்துணி விரித்த மேசைமேல் ஒரு கருங்கல். மடிக்கணினியை அதில் தொட்டு எடுத்தால், மென்பொருளில் இருக்கும் பிழையெல்லாம் ஓடிப்போகுமாம். எந்த வழியாக ஓடும் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

"ஆயிரம் வருஷமா நிக்கிற பாலத்துல இருந்து எடுத்த கல்லு இது!" என்று முழங்கினார் அந்தக் கல்லைக் கொண்டுவந்த கல்லாசான். "அந்தப் பாலத்துக்கு ஒரு அப்டேட் வந்திருக்கா? ஒரு நாளாவது ஹேங் ஆகியிருக்கா? உங்க செயற்கை அறிவு நேத்துப் பிறந்த பிள்ளை. இந்தக் கல்லு அதுக்குப் பாட்டன்!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. கல்லை உருவிய பிறகும் பாலம் நிற்கிறதா என்று ஒரு பட்டதாரிக்கும் தோன்றவில்லை.

கடைசி வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் தட்டவில்லை. முதலாளி அவளுடைய தம்பி. அவர்கள் தயாரிப்பது மருந்து ஏற்றும் இயந்திரம். நோயாளியின் நாடியைப் பார்த்து, எவ்வளவு மருந்து என்று அதுவே முடிவு செய்யும். அதைச் சோதிப்பது அக்காவின் பொறுப்பு. ஒவ்வோர் இயந்திரத்தின் நெற்றியிலும் அப்பாவின் பெயர் பொறித்திருக்கும். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். சுவர்த்திரையிலோ வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். மருந்தின் அளவு தப்புகிறது என்று பொருள்.

"சரி பண்ண ஒரு மாசம் ஆகும்டா" என்று சொல்லியிருந்தாள். தம்பி ஒரு மாதம் கொடுப்பதற்குப் பதில் கல்லாசானைக் கூட்டிவந்துவிட்டான்.

கல்லாசான் கல்லைத் தூக்கி இயந்திரத்தின் தலையில் வைத்தார். கண்ணை மூடினார். சிவப்பெல்லாம் பச்சையாயிற்று. 'எல்லாம் நலம்' என்றது திரை. கூடமே எழுந்து நின்றது.

"பாத்தியாக்கா? நாளைக்கே அனுப்பிடலாம்."

"அனுப்பலாம்டா." அக்கா முன்னே வந்தாள். "ஐயா, அந்தக் காலத்துல பாலம் கட்டினவன், சாரத்தைப் பிரிக்கிறப்போ அடியிலயே போய் நிப்பானாம். விழுந்தா முதல்ல அவன் தலைமேலதான். நீங்க பழைய முறை தெரிஞ்சவங்க. கையை நீட்டுங்க, ஊசியைச் செருகிடலாம்."

கல்லாசானின் கை சட்டைக்குள் பதுங்கியது. "எனக்குத்தான் நோய் ஒண்ணும் இல்லையேம்மா."

"இல்லைன்னா மருந்து வேண்டாம்னு அதுவே முடிவு பண்ணிடுமே!"

"இன்னிக்கு எனக்கு மௌன நாளு" என்றார், அதுவரை தொண்டை கிழியக் கத்தியவர்.

"அக்கா, பெரியவங்களை அவமானப்படுத்தாதே" என்று பல்லைக் கடித்தான் தம்பி.

"யாருக்குடா அவமானம்? நாளைக்கு ஒரு நோயாளி செத்தா, மிஷின்மேல இருக்கிறது இவர் பேரா, நம்ம அப்பா பேரா?"

அக்கா இயந்திரத்தின் பின்னால் கைவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. உள்ளே ஓடிய மோட்டார் நின்றது. இயந்திரம் செத்தது.

சுவர்த்திரை அசரவில்லை. எல்லாம் பச்சை. 'எல்லாம் நலம்.'

ஒரு புரோகிராமர் அவசரமாக மடிக்கணினியைத் திறந்தான். "மேடம், நேத்து இவரோட சீடர் 'இசைவு'ன்னு ஒரு புரோகிராமை ஏத்திட்டுப் போனாரு. இதுல ஒரே ஒரு உத்தரவுதான் இருக்கு. சீடர் போன்ல தட்டின நிமிஷத்துல இருந்து, என்ன வந்தாலும் பச்சை காட்டு!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், தாங்கள் கல்லைத் தொட வரிசையில் நிற்காதது போல. கல்லாசான் கல்லை அணைத்துக்கொண்டு காரை நோக்கி நடையைக் கட்டினார். தொழில் தெரிந்த மனிதர், மூலதனத்தை விட்டுவிட்டுப் போவாரா?

"அதை அழிச்சிடு" என்றான் தம்பி, புரோகிராமரிடம். பிறகு குரல் இறங்கி, "ஒரு மாசம்தானேக்கா? எடுத்துக்கோ."

இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டதும், திரையில் சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிவந்தன. அவற்றைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்கு மூச்சு வந்தது.

கும்பிட இரண்டு கை வேண்டும். பிளக்கைப் பிடுங்கிப் பார்க்க ஒரு கை போதும். மிச்சமிருக்கும் கையால் தலையைத் தொட்டுப் பாருங்கள், படித்த பெருமக்களே. உள்ளே ஏதோ இருப்பதாகச் சொல்கிறார்கள்.