ஊதா முகமூடியும் ஒழுகும் அடுப்படியும்

"மாமா, இப்ப அவன் என்ன சொல்றான்?"

லூர்துநாதனுக்கு எரிச்சலாக வந்தது. டி.வி.யில் ஊதா முகமூடி போட்ட கார்ட்டூன் வீரன் கட்டடத்தின் உச்சியில் நின்று முழங்கிக்கொண்டிருந்தான். முழங்கியது சிங்களத்தில்.

காரைக்காலில் அப்போது டி.வி. என்றால் இலங்கை டி.வி.தான். குறுக்கே பெரும்பாலும் கடல். மலையோ மாடியோ மறிக்காததால் அலை வழுக்கிக்கொண்டு வந்துவிடும். உயரமான இரும்புக் குழாயின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, இலங்கைப் பக்கம் திருப்பி, பூஸ்டர் மாட்டினால் படம் வரும். அர்த்தம் மட்டும் வராது. இத்தனையையும் தெருவுக்கே விளக்கியிருந்த லூர்துநாதன், அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார்.

போன வாரம் பிள்ளைகள் முதுகில் துண்டைக் கட்டிக்கொண்டு மாடியிலிருந்து பறக்கப் பார்த்தார்கள். தாய்மார்கள் வந்து சண்டை போட்டார்கள். அதனால் இன்று கதையின் கருத்தை விளக்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

"பறக்கிறது பெரிசில்லடா. யாருக்காகப் பறக்கிறான்? ஏழைங்களுக்காக!"

"இப்ப எங்க போறான்?"

அடுப்படியில் அவர் மனைவி ஜெயமேரி வைத்த குண்டானில் மழைத்தண்ணீர் 'டங்' என்று சொட்டியது.

"தளம் ஒழுகுதுன்னு எத்தனை தடவ சொன்னாலும் காதுல வாங்காத வீட்டுக்காரனைப் பிடிக்கப் போறான்!"

"நல்லாச் சொல்லுங்க!" என்றாள் ஜெயமேரி உள்ளேயிருந்து.

மறுநாள் காலை பிள்ளைகள் துண்டோடு கீழ்வீட்டு வாசலில் நின்று, "தளத்தைப் பூசு! இல்லேன்னா ஊதா அண்ணன் வருவான்!" என்று கத்தினார்கள். வீட்டுக்காரர் காதர் பாட்சா மாடியேறி வந்தார்.

"பிள்ளைங்களைத் தூண்டி விடறீங்களா? ஒண்ணு, அந்த ஆன்டெனாக் கம்பத்தை எறக்குங்க. இல்ல, வீட்டைக் காலி பண்ணுங்க."

"ஐயோ பாய், அது வீட்டுக்காரங்களை மதிக்கிற கதைங்க! ஞாயித்துக்கிழம நீங்களே வந்து பாருங்களேன்."

ஜெயமேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காதர் பாட்சா நாற்காலியில் உட்கார்ந்தார். வாரா வாரம் மாடிப்படித் திருப்பத்தில் நின்றே பார்க்கும் அவர் மனைவி ஆரிபா, இன்று கதவோரம் வரை வந்து நின்றாள். திரையில் ஊதா முகமூடி, தொப்பை வைத்த ஒருவனைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினான்.

"வீட்டுக்காரரை மரியாதையா ஊர்வலம் கூட்டிட்டுப் போறான் பாய்."

"காலரைப் பிடிச்சா?"

"அது அந்த ஊரு வழக்கம்."

தொப்பைக்காரன் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தான்.

"பன்னீர்ல குளிப்பாட்டறான்."

"அழறானே!"

"ஆனந்தக் கண்ணீர்."

பிள்ளைகள் விடவில்லை. "மாமா, போன வாரம் வேற மாதிரி சொன்னீங்களே!"

லூர்துநாதன் மனசுக்குள் கணக்குப் போட்டார். கம்பம் போகும், வீடும் போகும், மொழி தெரியும் என்ற பெயரும் சேர்ந்து போகும்.

காதர் பாட்சா திரும்பினார். "ஆரிபா, நீ கொழும்புல பொறந்தவதானே? அவன் என்ன சொல்றான், சொல்லு."

லூர்துநாதன் மாதாவை வேண்டிக்கொண்டார். ஆரிபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, திரையையே கவனமாகப் பார்த்தாள்.

"மழைக்கு முன்னாடி தளத்தைப் பூசாத வீட்டுக்காரனை ஊரே சிரிக்கும்ங்கிறான். பூசிக் குடுத்தா அவன்தான் பெரிய மனுசனாம். அண்ணன் உங்களுக்குப் பயந்துக்கிட்டு மாத்திச் சொல்றாரு."

காதர் பாட்சா கொஞ்ச நேரம் தொட்டிக்குள் கிடந்தவனையே பார்த்தார். பிறகு எழுந்தார். "நாளைக்குக் கொத்தனார் வருவான். கம்பம் இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

லூர்துநாதன் ஆரிபாவின் பின்னாலேயே படிவரை ஓடினார். "தங்கச்சி, நான் வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். அது நெசமாவே அந்தக் கதைதானா? கொழும்புல எத்தன வருஷம் இருந்தீங்க?"

"பொறந்த நாப்பதாம் நாளே கப்பல் ஏத்திட்டாங்க, அண்ணே. நீங்க அடுத்த வாரக் கதைய மட்டும் இன்னும் கொஞ்சம் விறுவிறுப்பாச் சொல்லுங்க."