வீட்டுப் பூட்டு கொண்டுவரக் கூடாது

செவிலிமேட்டுக் கல்யாண மண்டபத்தில் அந்த வெள்ளிக்கிழமை கூடியிருந்தவர்கள்:

தீர்க்கதரிசி சகரியா. அவருக்குக் குடை பிடிக்கிறவர் ஒருவர். மண்டபத்துக்குள் மழை பெய்வதில்லை, ஆனாலும் பிடித்தார். கீபோர்டு வாசிக்கிறவர். வாசலில் மேசை போட்டுப் பூட்டு விற்கிற வீரபத்திரன். ஆறேழு எஸ்தர் ராணிகள். இரண்டு தாவீதுகள், ஒருவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், இன்னொருவர் எதையும் ஓட்டுவதில்லை. உலகத்திலேயே ஒரே ஒரு சூனேம் ஊராள், அதாவது கங்கையம்மாள். அவளைக் கூட்டிப்போக வந்து, உள்ளே நுழையாமல் தூணில் சாய்ந்து நின்ற மகள் சுகாசினி. மற்றபடி திருப்புட்குழி வரைக்கும் உள்ள ஜனம்.

கர்த்தர் வந்திருந்தாரா என்பது பற்றித் தகவல் இல்லை.

சகரியாவின் தொழில், மன்னிக்கவும், ஊழியம், பூட்டு ஊழியம். மகளுக்கு வரன் அமையவில்லையா, மகனுக்கு விசா வரவில்லையா, ஒரு பூட்டை வாங்கிப் பூட்டி உயரப் பிடிக்க வேண்டும். கீபோர்டு அலறும். தீர்க்கதரிசி பாடிக்கொண்டே வருவார். பூட்டைத் தொடுவார். பட்டென்று திறந்துகொள்ளும். பூட்டோடு தடையும் திறந்தது என்று பொருள். பவுலும் சீலாவும் சிறையில் பாடியபோது கதவுகள் திறந்தன அல்லவா? அவர்களுக்கு நிலநடுக்கம் தேவைப்பட்டது. இவருக்குக் கீபோர்டு போதும்.

ஒரே ஒரு நிபந்தனை. பூட்டை வீரபத்திரன் மேசையில்தான் வாங்க வேண்டும். பேனரிலேயே எழுதியிருந்தது: 'வீட்டுப் பூட்டு கொண்டுவரக் கூடாது. அதில் பாவத்தின் துரு இருக்கிறது.' இத்தனை ஜனம் அதை எழுத்துக்கூட்டிப் படித்தது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பூட்டு வெறும் வேடிக்கை. வியாபாரம் காதில் நடந்தது. கூட்டம் முடிந்ததும் சிலரை மட்டும் தனியே அழைத்து, நீதான் எஸ்தர் ராணி, நீதான் தாவீது என்று காதில் தரிசனம் சொல்வார் சகரியா. யாரை அழைப்பது என்று பரலோகம் தீர்மானிப்பதாகப் பேச்சு. வீரபத்திரன் நோட்டீஸ் கொடுக்கத் தெருத்தெருவாகப் போகும்போது தலையை நிமிர்த்தியே நடப்பான். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். எந்த வீட்டுக்கு மாடி இருக்கிறது என்று பார்ப்பான்.

கங்கையம்மாள் வீட்டுக்கு மாடி இருந்தது.

"அம்மா, எலிசாவுக்கு மேல்வீட்டுல ஒரு அறை கட்டி, கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு வச்சுக் கொடுத்தாளே சூனேம் ஊராள், அவளை இந்தக் காஞ்சிபுரத்துல தேடினேன். இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன். உங்க மனசு யாருக்கு வரும்? ஆனா வெளிய சொல்லிடாதீங்க. சொன்னா பெருமை வந்துடும், அபிஷேகம் போயிடும்" என்றார் அன்று சகரியா அவள் காதில்.

கங்கையம்மாள் சத்துணவுக் கூடத்தில் சமைத்தே ஓய்வு பெற்றவள். அத்தனை வருஷத்தில் அவள் காதில் விழுந்தது, சாம்பாரில் உப்பு அதிகம் என்பதும் முட்டை குறைகிறது என்பதும்தான். நன்றாக இருந்தது என்று சொல்ல ஒரு வாத்தியாருக்கும் வாய் வந்ததில்லை. திடீரென்று ஒருவர் வந்து வேதத்திலிருந்து ஒரு பணக்காரியை எடுத்து, நீதான் அவள் என்கிறார். காது குளிர்ந்தது. மூளைக்கும் அந்தக் குளிர் இறங்கி அங்கேயே உறைந்தது.

சிக்கல் ஒன்றுதான். அந்த மாடி அறையில் சுகாசினி இருந்தாள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனை விட்டு வந்து, ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டு, அங்கேதான் குடியிருந்தாள். போக வேறு இடம் கிடையாது.

"சுகா, ஞாயித்துக்கிழமைக்குள்ள மாடிய காலி பண்ணிடு. தேவமனுஷன் தங்கப் போறாரு."

"நான் எங்கமா போறது?"

"ஆஸ்டல் இல்லாமயா இருக்குது? ஊழியத்துக்குக் குறுக்க நிக்காதடி."

"பெத்த பொண்ண வெளிய அனுப்பச் சொல்லி கர்த்தர் சொன்னாரா, அந்தாளு சொன்னாரா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

சுகாசினி அம்மாவின் வேதாகமத்தையே எடுத்து வந்தாள். "இதுல ஆகாப்னு ஒரு ராஜா இருக்கறான். சண்டைக்குப் போலாமான்னு கேக்கறான். நானூறு தீர்க்கதரிசி, போ ராஜா, நீதான் ஜெயிப்பேன்னு சொல்லிக்கினு நிக்கறானுங்க. மிகாயான்னு ஒருத்தன்தான், போனா நீ செத்துடுவேன்னான். அவன ஜெயில்ல போட்டுட்டு ராஜா போனான். செத்தான். இத உங்க ஆளு என்னிக்காவது பிரசங்கம் பண்ணியிருக்காரா?"

"அது பழைய ஏற்பாடு."

"சூனேம் ஊராள் மட்டும் எந்த ஏற்பாடு?"

கங்கையம்மாள் வேதாகமத்தைப் பிடுங்கி மூடினாள்.

"சரிமா, ஒண்ணு செய்யலாம்" என்றாள் சுகாசினி. "நம்ம வீட்டுப் பூட்ட அவரு பாடித் தொறக்கட்டும். தொறந்துட்டா நானே பொட்டியத் தூக்கினு எறங்கிடறேன்."

"தொறப்பாரு. பாத்துக்கினே இரு" என்றாள் கங்கையம்மாள். அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை. அடுத்த நாள் கட்டில் வாங்கப் புறப்பட்டாள். சுகாசினியும் கூடப் போனாள்.

அப்துல் சத்தார் மரச்சாமான் கடைக்காரர். கட்டில், மேஜை, நாற்காலி என்று கங்கையம்மாள் வாய் திறந்ததும் சிரித்தார்.

"அந்த செட்டாமா? குத்துவிளக்கு நம்மகிட்ட கிடைக்காது, பாத்திரக் கடைல வாங்கிக்கோங்க. நீங்களும் சூனேம் ஊருக்காரங்களா? அது எங்கமா இருக்குது, திருப்புட்குழி பக்கமா?"

"இன்னா பாய் சொல்றீங்க?"

"கொஞ்ச நாளா வர்ற அம்மாங்க எல்லாம் இதே செட்டுதான் கேக்கறாங்க. ஒருத்தங்க, நான்தான் சூனேம் ஊராள், வெளிய சொல்லாதீங்க பாய்னாங்க. அடுத்தவங்களும் அதேதான். அவ்ளோ பெரிய ஊரா அது? பிள்ளையார்பாளையம் கிருஷ்ணம்மா முதல்ல வாங்கினாங்க. பேசாம செட்டுக்கு ஒரு ஆஃபர் போட்டுடலாம்னு இருக்கறேன்."

இந்த இடத்தில் புத்தி வந்திருக்க வேண்டும். கங்கையம்மாளுக்கு வந்தது புத்தி அல்ல, கோபம். அதுவும் சகரியா மேல் அல்ல. "மத்தவளுங்க எல்லாம் போலி. நான்தான் அசல்" என்றாள், செட்டை வாங்கிக்கொண்டு திரும்பிய வழியெல்லாம். புகழ்ச்சிக்கு இருக்கிற சௌகரியம் இது. பொய் என்று தெரிந்தால்கூட, அடுத்தவருக்குச் சொன்னது மட்டும்தான் பொய்.

சுகாசினி அன்று மாலையே பஸ் ஏறிப் பிள்ளையார்பாளையம் போனாள்.

ஞாயிறு மதியம் கங்கையம்மாள் வீட்டுச் சமையலறையில் இரண்டு சூனேம் ஊராள்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என் மாடிய ஊழியத்துக்குன்னு வாங்கினாரு" என்றாள் கிருஷ்ணம்மாள். "ஒரு ராத்திரி கூட அவரு வந்து படுக்கல. இப்ப கம்பெனிப் பசங்க இருக்கறானுங்க. கேட்டா, சகரியா பிரதருக்கு வாடகை குடுக்கறோம் ஆன்ட்டின்றானுங்க."

"உன் விசுவாசம் அவ்ளோதான்" என்றாள் கங்கையம்மாள். ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லை.

தெருவில் கார் நின்றது. குடை முதலில் இறங்கியது, அடுத்து தீர்க்கதரிசி, கடைசியாக வீரபத்திரன். பக்கத்து வீட்டு ஜனமெல்லாம் வாசலுக்கு வந்தது. சகரியா மாடி ஏறினார். அம்மாவும் மகளும் பின்னாலேயே ஏறினார்கள், மற்ற இருவரும் கீழே நின்றார்கள். கட்டிலைத் தட்டிப் பார்த்தார். உட்கார்ந்தார். மாடியைப் பார்த்த திருப்தி முகத்தில் வழிந்தது. "கர்த்தருக்குப் பிடிச்சிருக்கு" என்று அறிவித்தார்.

சுகாசினி பூட்டை நீட்டினாள். தெருக்கதவுப் பூட்டு. பூட்டியிருந்தது. "இது எங்க வீட்டுப் பூட்டு பிரதர். பாடித் தொறங்க."

"மகளே, கர்த்தரைச் சோதிக்கக் கூடாது."

"கர்த்தர யாரு சோதிச்சா? உங்களத்தான்."

"இதுல துரு இருக்கு. அவிசுவாசத்தின் துரு."

"நேத்துதான் எண்ணெ விட்டேன்."

தீர்க்கதரிசி கங்கையம்மாள் பக்கம் திரும்பினார், உதவிக்கு. கங்கையம்மாள் பூட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவள் கேட்டது பூட்டைப் பற்றி அல்ல.

"அய்யா, நான் ஒருத்திதானா சூனேம் ஊராள்?"

"உங்கள மாதிரி இன்னொருத்தி இந்தச் சீமையிலேயே கிடையாதும்மா."

"பிள்ளையார்பாளையம் கிருஷ்ணம்மா?"

"அந்தம்மாவா?" சகரியா சிரித்தார். "அது ஒரு அப்பாவி. உங்க கால் தூசுக்கு வருமா?"

கிருஷ்ணம்மாள் மாடிப்படியில்தான் நின்றிருந்தாள். உள்ளே வந்தாள். "என்னாண்டயும் இதேதானே சொன்னே? சீமையிலேயே கிடையாதுன்னு?"

சகரியா அசரவில்லை. தொழில்காரர். "ரெண்டு பேருமே ரத்தினங்கள்!" என்றார். சுகாசினியைப் பார்த்து, "நீ தெபோராள்மா. என்ன ஞானம்! உன்னை முதல்ல பார்த்தப்பவே..."

கங்கையம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதன் வாய் திறந்தால் புகழ்ச்சி கொட்டும். எதிரே யார் நிற்கிறார்கள் என்பது பற்றி அதற்குக் கவலையில்லை. தனக்கென்று வந்தது ஒன்றுமே இல்லை. அதற்காக மகளை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தாள்.

சுகாசினியிடம் சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்தாள். இரண்டு பெண்களையும் வெளியே தள்ளி, தானும் வெளியே வந்து, சகரியாவை உள்ளே வைத்துக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.

"பாடுங்க அய்யா" என்றாள் கதவைப் பார்த்து. "பவுலுக்குத் தொறந்துச்சு."

உள்ளேயிருந்து பாட்டு வரவில்லை. கதவைக் குத்துகிற சத்தம் வந்தது. பிறகு பிரசங்கக் குரல் கழன்று, சாதாரணக் குரல் வந்தது. "டேய் வீரபத்திரா! மேல வாடா! தொறடா!"

வீரபத்திரன் ஓடிவந்தான். பூட்டை ஒரு இழு இழுத்தான். இன்னொரு இழு. தெருவே கீழே அண்ணாந்து நின்றது. அவன் பதற்றத்தில் கத்தியே சொல்லிவிட்டான்:

"தொறக்காதுண்ணா! இது நம்ம பூட்டு இல்ல, நெஜப் பூட்டு!"

பக்கத்து வீட்டு ஜனத்தில் இருந்த ஒரு எஸ்தர் ராணி தன் கைப்பையிலிருந்து வெள்ளிக்கிழமைப் பூட்டை எடுத்தாள். பூட்டினாள். பாட்டில்லாமல் இழுத்தாள். பட்டென்று திறந்தது. மறுபடி பூட்டி, மறுபடி இழுத்தாள். இத்தனை வாரம் கையிலேயே இருந்த பூட்டு. இழுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. ராணி என்று சொல்லிவிட்டால் யாருக்குத்தான் பூட்டைப் பார்க்கத் தோன்றும்?

கங்கையம்மாள் மாடிக் கதவைத் திறந்துவிட்டாள். சகரியா படியிறங்கினார். அவர் கூடவே கிருஷ்ணம்மாளும் இறங்கினாள், கம்பெனிப் பசங்களின் வாடகை பற்றி உரக்க விசாரித்துக்கொண்டே. குடைக்காரரைக் காணோம். குடை மட்டும் விரித்தபடி நடையில் கிடந்தது.

வாசல் தாண்டியதும் சகரியா திரும்பினார். பழக்கதோஷம். "பூட்டி வைக்காம அனுப்புறீங்களே, உங்க மனசு யாருக்கு வரும்மா?"

கங்கையம்மாளுக்கு அப்போதும் ஒரு நொடி காது குளிர்ந்தது. அது குளிர்ந்ததை அவளே கவனித்தாள்.

"சுகா, அந்தப் பூட்ட எடுத்துக்கினு வா."

அவர் முதுகுக்குப் பின்னால் தெருக்கதவைச் சாத்தினாள். பூட்டினாள். பூட்டியதோடு விடாமல், ஒருமுறை நன்றாக இழுத்தும் பார்த்தாள்.