பதினான்கு தோற்ற கணக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாடி அறையிலிருந்து மாமனார் எழுதுவது. இங்கு நலம். கீழே உங்கள் தும்மல் கேட்டது; உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். நேரில் பேசினால் எனக்கு வரிசை குழம்பிவிடும் என்பதால் கடிதம். சொல்லப்போவது:

1. டென்னிஸில் எண்ணுவது எப்படி என்று புரிந்துகொண்டுவிட்டேன்.
2. போன வாரம் பேத்தியை எல்லார் முன்பும் அழவைத்தேன்.
3. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போகவேண்டும்.

வேலையிலிருந்த காலமெல்லாம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்தவன் நான். கனமான தட்டு கீழே இறங்கும் என்பதைத் தவிர வேறு நியாயம் தெரியாது. அன்று பேத்தி முதல் செட்டை நான்குக்கு ஆறு என்று விட்டாள், அடுத்ததை ஆறுக்கு ஒன்று என்று வாரிக்கொண்டாள், கடைசியில் மறுபடி நான்குக்கு ஆறு. கூட்டினேன். அவள் பதினான்கு, எதிரில் ஆடிய பெண் பதிமூன்று. நடுவரோ அந்தப் பெண் ஜெயித்ததாகச் சொல்கிறார். சந்தேகப்பட்டு மறுபடி கூட்டினேன், அப்போதும் பதினான்குதான், என்ன செய்கிறேன் என்று தெரியாமலே குடையோடு இறங்கிப்போய் அவருடைய உயரமான நாற்காலிக்குக் கீழே நின்று, "ஐயா, கோவிச்சுக்காதீங்க, கூட்டல்ல ஏதோ தப்பு நடந்திருக்கு" என்றேன்.

"பெரியவரே, இங்க கூட்டலே கிடையாது."

"கூட்டாம எப்படிங்க ஜெயிக்கிறது?"

பின்னாலிருந்து யாரோ, "தாத்தாவுக்கும் ஒரு மட்டை குடுங்கப்பா" என்றார்கள். திரும்பினால், பேத்தி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருக்கிறாள். காரில் நீங்கள், "மாமா, இனிமே நீங்க வீட்லயே ரெஸ்ட் எடுங்க" என்றீர்கள். நியாயம்தான்.

அன்றிலிருந்து படிக்கிறேன். பதினைந்து, முப்பது என்று ஏறி, நாற்பத்தைந்து வரவேண்டிய இடத்தில் நாற்பது வருகிறது. அந்த ஐந்து எங்கே போனது என்று கேட்காமலிருக்கப் பழகிக்கொண்டேன். இருவரும் நாற்பதில் நின்றால், அடுத்தடுத்து இரண்டு பாயிண்ட் எடுப்பவருக்கே அந்த கேம். ஒன்றை எடுத்து மறுபடி ஒன்றை விட்டால் பழைய இடம்தான். முக்கியமானது, ஒரு செட்டில் மிஞ்சியது அடுத்ததற்கு வராது. ஆறுக்கு ஒன்று என்று ஜெயித்தாலும் ஒரு செட், ஆறுக்கு நான்கு என்றாலும் ஒரு செட். ஒவ்வொரு தடவையும் தராசைப் புதிதாகத் தூக்குகிறார்கள். மூன்றில் இரண்டு செட் அந்தப் பெண்ணுக்கு; பேத்தி தோற்றது சரி.

ஞாயிறன்று கடைசி வரிசையில் உட்காருகிறேன். வாய் திறக்கமாட்டேன். குடையும் வேண்டாம், மழை வந்தால் நனைகிறேன். அடுத்த வருடம் அவள் வெளியூருக்குப் படிக்கப் போய்விடுவாள். பிறகு எனக்குத் தொலைபேசியில் வெறும் எண்கள்தான் வரும்.

எல்லா நலமும் உங்கள் பக்கமே விழட்டும்.

பணிவுடன்,
மாமனார்

பி.கு.: தண்ணீர் வைக்க வந்த பேத்தி இதைப் படித்துவிட்டாள். "யாரு தாத்தா அழுதா? சிரிப்ப அடக்க முடியாமத்தான் மூஞ்சிய மூடினேன். ஆபீஸ்ல ஒருத்தரயும் நீங்க எதிர்த்துப் பேசினதில்லன்னு அம்மா சொல்லுவாங்க. எனக்காக நடுவர்கிட்டயே சண்டைக்குப் போயிட்டீங்க. தோத்ததே மறந்துபோச்சு. அப்பாகிட்ட என்ன கேக்குறது, நான் கூப்பிடுறேன், வாங்க. முன் வரிசை. குடையையும் எடுத்துக்குங்க."

ஆகவே மூன்றாவதை நீங்கள் பரிசீலிக்க வேண்டியதில்லை. இரண்டாவதாக நான் எழுதியது தவறு.