பூனையைப் பார்த்துப் பண்ணை திறப்பவர்

நான்கு வருஷமாக ஒரு தர்பூசணி என் தொண்டையில் நிற்கிறது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நிஜத் தர்பூசணி என்றால் கூடப் பரவாயில்லை. கையடக்க விளையாட்டுப் பெட்டிக்குள் விளைந்தது. ஐம்பத்து மூன்று வயசு ஆள், ஜப்பானில், நீகாத்தாவில் பேருந்துக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவன், திரையில் முளைத்த ஒரு காய்க்காக நான்கு வருஷம் கறுவுவானா என்று கேட்பீர்கள். கறுவுவான். காரணம் தெரிய வேண்டுமென்றால் முதலில் என்னோடு பணிமனையில் வேலை பார்த்த நெமோட்டோவின் இனத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதிர்ஷ்டத்தை நம்புகிறவர்களை உங்களுக்குத் தெரியும். நம்பாதவர்களையும் தெரியும். இவர் மூன்றாவது ரகம். அதிர்ஷ்டத்தை அளக்கிறவர். புத்தாண்டன்று கோயிலில் சீட்டெடுத்து, கெட்ட பலன் வந்தால் அதை மரக்கிளையில் கட்டிவிட்டு வரும் தன் மனைவியைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பார். காலைத் தொலைக்காட்சியில் ராசிக்கு என்ன நிறம் என்று சொன்னால் சேனலை மாற்றுவார். "அதெல்லாம் மூடநம்பிக்கை, ஹொரி-சான். இது கணக்கு" என்பார் என்னிடம். சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியை இடது பக்கம் வைத்து, கண்ணாடியைத் துடைத்து, இரண்டு கட்டைவிரலையும் சட்டையில் தேய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு பூனையைப் பார்க்கப் போவார்.

பூனையும் பெட்டிக்குள்தான். எங்கள் விளையாட்டின் பெயர் மலையடிப் பண்ணை. ஒரே பண்ணையை மூன்று பேர் பங்கு போட்டு உழுதோம்: நெமோட்டோ, நான், பணிமனைச் சமையற்கூடத்துத் தொக்கியே-சான். பண்ணை நெமோட்டோவின் பெட்டியில் இருந்தது. அவர் திறந்தால்தான் நாங்கள் எங்கள் பெட்டி வழியாக உள்ளே போக முடியும். அவர் அணைத்தால் எங்களுக்கும் இருட்டு.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு விடியலிலும் உள்ளுக்குள் யாரோ பகடை உருட்டுகிறார்கள். என்ன விழுந்தது என்று திரையில் எங்கும் காட்டுவதில்லை. நல்லது விழுந்தால் அன்றைக்கு மீன் கடிக்கும், பாறைக்குள் ரத்தினம் கிடைக்கும். கெட்டது விழுந்தால் மண்வெட்டி கூடக் கல்லில்தான் படும். ஒரே ஒரு தடயம், கிராமத் தபால் நிலையத்து வாசலில் தூங்கும் பூனை. மல்லாந்து கிடந்தால் அபார நாள். உங்களைப் பார்த்துப் படுத்திருந்தால் நல்ல நாள். முதுகைக் காட்டினால் முடிந்தது.

எவ்வளவு வித்தியாசம் என்று ஒருநாள் கேட்டேன். நான் நடுநிலைப் பள்ளியோடு நின்றவன், எனக்குப் புரியும்படி சொல்லச் சொன்னேன்.

"சாதாரணமா நூத்துல ஒண்ணு கிடைக்கிறது, நல்ல நாள்ல நூத்துல ஒண்ணேகால் கிடைக்கும்."

"அந்தக் காலுக்கா இத்தனை பாடு?"

"காலுன்னு சாதாரணமா சொல்லாதீங்க."

அந்தக் காலுக்காக அவர் என்ன செய்வார் தெரியுமா? நாளையே திருப்பி அனுப்பிவிடுவார். பண்ணையில் நாம் ராத்திரி படுக்கும்போது விளையாட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளும். எழுந்திருக்கும்போது பகடை உருளும். மறுபடி படுப்பதற்குள் பெட்டியை அணைத்துவிட்டால் அந்த நாள் நடக்கவே இல்லை; திரும்பத் திறந்தால் அதே காலை புதிதாக விடியும், புதிதாகப் பகடை உருளும். பூனை முதுகைக் காட்டினால் நெமோட்டோ அணைப்பார். திறப்பார். மறுபடி முதுகா? அணைப்பார். இளவேனில் பன்னிரண்டாம் தேதியை நாங்கள் பதினேழு தடவை விடிய வைத்திருக்கிறோம். நாற்பத்தைந்து நிமிஷ மதிய இடைவேளை முடிந்து சங்கு ஊதும்போது எங்கள் முள்ளங்கிக்கு ஒரு நாள் வயசு கூடியிருக்காது.

தொக்கியே-சானுக்கு மீனும் வேண்டாம், ரத்தினமும் வேண்டாம். ஒரே ஆசை. மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது தர்பூசணிக் கொடியை ஒட்டி நட்டால், எப்போதாவது ஒரு காலையில் ஒன்பதும் ஒன்றாகிக் குடிசை உயரத்துக்கு ஒரே காயாக நிற்கும். அதற்கும் விடியலில்தான் பகடை. நூற்றில் ஒன்று. மூன்று கோடைகள் நட்டுப் பார்த்துவிட்டார். நான்காவது கோடை நடக்கும்போது அவருக்கு வேலை ஓய்வு வந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமையோடு சமையற்கூடத்தை ஒப்படைத்துவிட்டு அக்கிதாவில் மகள் வீட்டுக்குப் போகிறார். விளையாட்டிலும் கோடை முடிய இரண்டே நாள் பாக்கி. முடிந்தால் கொடி காய்ந்துவிடும்.

திங்கட்கிழமை மதியம். நெமோட்டோ திறந்தார், வழக்கப்படி தபால் நிலையத்துக்கு நடந்தார். நான் என் குடிசைக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். வயலில் வரிவரியாக, பச்சையாக, என் கூரையை மறைத்துக்கொண்டு நின்றது.

"தொக்கியே-சான்! ஓடி வாங்க! வந்துருச்சு!"

அவர் நூடுல்ஸ் வடித்துக்கொண்டிருந்தார். கரண்டியோடு ஓடி வந்தார். நெமோட்டோ தலையைத் தூக்கவில்லை.

"யாரும் எதையும் தொடாதீங்க. பூனை முதுகைக் காட்டுது."

"பூனை கிடக்கட்டுங்க, வயலைக் கொஞ்சம்..." என்றேன்.

அணைத்துவிட்டார்.

"மோசமான நாள். இன்னொரு தடவை விடிய வச்சுக்கலாம்" என்றார் திருப்தியாக. பிறகுதான் எங்கள் முகத்தைப் பார்த்தார். "என்ன? ஏன் இப்படிப் பாக்கறீங்க?"

தொக்கியே-சான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கரண்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "இவ்ளோ பெருசு. நான் காம்பைத்தான் பாத்தேன். அதுக்குள்ள போயிருச்சு."

விடியலில் எல்லாப் பகடையும் ஒன்றாகத்தான் உருளும், ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவரே நெமோட்டோதான். படம் வரைந்து விளக்கியிருக்கிறார். பூனையைப் பார்த்ததும் மறந்துபோனார். வாயில் போட்ட ஊறுகாய் முள்ளங்கியை மெல்லாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மன்னிப்புக் கேட்டாரா? இல்லை. இந்த இனம் கேட்காது, சரிசெய்யும். அந்த மதியம் முழுக்கத் திறந்தார், வயலைப் பார்த்தார், ஒன்பது சின்னக் காய், அணைத்தார். செவ்வாய் அப்படி. புதன் அப்படி. பாவம், பூனையைக்கூடப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை தொக்கியே-சான் அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, எனக்கு இன்னும் ரெண்டு மதியம்தான் இருக்கு. ஒரே காலையை இன்னும் எத்தனை தடவைதான் விடிய வைப்பீங்க? பொழுது ஏறட்டும். நான் தண்ணி ஊத்தணும்."

"இன்னும் ஒரே ஒரு தடவை..."

"இந்தாங்க, சூப்பைப் பிடிங்க. சுடுது, ரெண்டு கையாலயும் பிடிங்க."

பிடித்தார். பெட்டி மேசையில் கிடந்தது, அணைக்க அவரிடம் கை இல்லை. நாங்கள் தண்ணீர் ஊற்றினோம், படுத்தோம். மறுநாள் ஒன்பது சின்னக் காயையும் பறித்துக்கொண்டு பண்ணைக் கிராமத்து அறுவடைத் திருவிழாவுக்குப் போனோம். கடைசி இடம். ஆறுதல் பரிசாக ஒரு மூட்டை எரு கொடுத்தார்கள். தொக்கியே-சான் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அடுத்த வாரம் சமையற்கூடத்தில் வேறு ஆள்.

ஒரு மன்னிப்பு அட்டை எழுதிப் போடுங்கள் என்று நான்கு வருஷமாக நெமோட்டோவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சுக்காரர் இல்லை. எழுதத்தான் நினைப்பார். "இந்த வாரம் வேணாம், ஹொரி-சான். பிரேக் பிரச்சினையோட மூணு வண்டி வந்திருக்கு. எதுவும் சரியா அமையாத வாரம்" என்பார். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் பல்வலி.

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி அவருக்கு மலைப்பக்கத்துப் பணிமனைக்கு மாற்றல். கிளம்பும்போது என் கையில் ஒரு தபால் அட்டையைத் திணித்தார். அக்கிதா முகவரி, நான்கு வரி மன்னிப்பு, கீழே ஒரு தர்பூசணிப் படம். பார்க்கப் பேருந்து டயர் மாதிரி இருக்கிறது.

பதினோரு நாள் ஆகிறது. அட்டை இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. போன வாரம் திங்கட்கிழமை போட்டிருப்பேன், பட்டறை நாட்காட்டியில் அன்றைக்கு ஆகாத நாள் என்று அச்சடித்திருந்தது. நான் அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் நான்கு வருஷம் கழித்துப் போகிற மன்னிப்பு, போகிறதுதான் போகிறது, ஒரு நல்ல நாளில் போனால் என்ன? புதன்கிழமை நல்ல நாள்தான். தூறல் போட்டது, மை கலைந்துவிடும். நாளை மறுநாள் இன்னும் நல்ல நாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். அனுப்பாத கடிதம், டாக்டரிடம் காட்டாத பல், பேசாத தம்பி, எல்லாம் எது கூடிவரக் காத்திருக்கின்றன? நீங்களும் நம்புகிறவர் இல்லைதானே?

இதில் வெட்கம் என்னவென்றால், அட்டையைக் கொடுக்கும்போது நெமோட்டோ என்னிடம் கடைசியாகக் கேட்டுக்கொண்டது இதுதான்:

"நான் வச்சிருந்தா நாள் பாத்துக்கிட்டே இருப்பேன், ஹொரி-சான். நீங்க அப்படி இல்ல. இன்னிக்கே போட்டுடுங்க."